கற்றல் நிலையச் சுழற்சி

கற்றல் நிலையச் சுழற்சி என்பது ஒரு மழலையர் வகுப்பறையைப் பல சிறு பணியிடங்களாகப் பிரித்து, குழந்தைகளைச் சிறு குழுக்களாக்கி, குறித்த நேரத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு குழுவையும் ஓர் இடத்திலிருந்து அடுத்த இடத்துக்கு நகர்த்தும் வகுப்பறை ஒழுங்கமைப்பு முறை ஆகும். இப்பணியிடங்கள் கற்றல் நிலையம், கற்றல் மையம், கற்றல் மூலை எனப் பலவாறு அழைக்கப்படுகின்றன. நூல் மூலை, எழுத்து மேசை, கட்டுமானக் கட்டைகள், மணல் அல்லது நீர்த் தொட்டி, ஓவியச் சட்டகம், செப்புச் சாமான்களுடன் கூடிய வீட்டு மூலை ஆகியன பரவலாகக் காணப்படும் நிலையங்கள். இவற்றுள் ஒன்றில் ஆசிரியர் அமர்ந்து ஒரு சிறு குழுவுக்கு மட்டும் கற்பிப்பார். ஏனைய குழுக்கள் அவர் உதவியின்றி இயங்கும்.

இம்முறை ஐக்கிய அமெரிக்காவின் மழலையர் வகுப்புகளில் மிகுதியாகக் கையாளப்படுகிறது. அங்கு கிண்டர்கார்டன் எனப்படுவது பெரும்பாலும் தொடக்கப் பள்ளியோடு இணைந்த, ஏறத்தாழ ஐந்து வயதுக் குழந்தைகளுக்கான ஓராண்டு வகுப்பு. நம் ஊரில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. என்று வழங்கும் ஈராண்டு வகுப்புகளோடு இதை அப்படியே பொருத்திப் பார்க்க இயலாது.

அடிப்படைக் கணக்கு

இம்முறையின் தேவையை ஓர் எளிய கணக்கால் விளக்கலாம். ஒரு வகுப்பில் 24 குழந்தைகளும் ஓர் ஆசிரியரும் உள்ளனர் எனக் கொள்வோம். ஒரு மணி நேரத்தை ஆசிரியர் ஒவ்வொரு குழந்தைக்கும் தனித்தனியே பகிர்ந்தால் ஒருவருக்கு இரண்டரை நிமிடமே கிடைக்கும். அனைவரையும் ஒருங்கே அமர்த்திக் கற்பித்தால் அறுபது நிமிடமும் அனைவருக்கும் கிடைத்தாலும், எந்தக் குழந்தை எழுத்தின் ஒலியைத் தவறாக உச்சரிக்கிறது, எது ஐந்துக்கு மேல் எண்ணத் தடுமாறுகிறது என்பது ஆசிரியர் காதுக்கு எட்டாது. ஆறு ஆறு பேராக நான்கு குழுக்களாக்கினால் ஒவ்வொரு குழந்தையும் ஆசிரியருக்கு மிக அருகில் 15 நிமிடம் அமர முடியும்.

ஆனால் இதற்கு ஒரு விலை உண்டு. அந்த 15 நிமிடத்தில் எஞ்சிய 18 குழந்தைகளும் ஆசிரியரைத் தேடி வராமல், சண்டையிடாமல், பயனுள்ள ஏதோவொன்றைச் செய்துகொண்டிருக்க வேண்டும். ஐந்து வயதில் இது சிறிய எதிர்பார்ப்பு அல்ல. நிலையச் சுழற்சி பற்றிய ஆசிரியர் கையேடுகள் ஆசிரியர் மேசையில் நடப்பதைக் காட்டிலும் மற்ற மூன்று இடங்களில் நடப்பதைப் பற்றியே அதிகம் பேசுவது இதனால்தான்.

வரலாறு

செருமானியக் கல்வியாளர் பிரீட்ரிக் புரோபெல் 1837 இல் பாத் பிளாங்கன்பர்க்கில் குழந்தைகளுக்கான நிறுவனம் ஒன்றைத் தொடங்கி, 1840 இல் அதற்குக் கிண்டர்கார்டன் என்று பெயரிட்டார். ஐக்கிய அமெரிக்காவின் முதல் மழலையர் பள்ளி 1856 இல் விசுகான்சின் மாநிலத்தின் வாட்டர்டவுனில் மார்கரெட் சூர்சு என்பவரால் செருமன் மொழியில் நடத்தப்பட்டது. 1873 இல் செயின்ட் லூயி நகரில் சூசன் புளோ பொதுப்பள்ளியின் பகுதியாக மழலையர் வகுப்பைத் தொடங்கினார். புரோபெலின் வழிவந்த இவ்வகுப்புகளில் தனித்தனி நிலையங்கள் இல்லை. கட்டம் கீறிய நீண்ட மேசைகளில் குழந்தைகள் வரிசையாக அமர்ந்து, புரோபெல் கொடைகள் எனப்பட்ட மரக்கட்டைகளை ஆசிரியர் சொல்லும் வரிசையில் ஒருங்கே அடுக்கினர்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இது மாறியது. கொலம்பியா பல்கலைக்கழக ஆசிரியர் கல்லூரியின் பேட்டி சுமித் இல் (பிறந்தநாள் பாட்டின் மெட்டுக்கு உரிய சகோதரிகளுள் ஒருவர் என்றே இவர் பலரால் அறியப்படுகிறார்) பெரிய கட்டைகளையும் குழந்தைகள் தாமே தெரிவுசெய்யும் விளையாட்டு நேரத்தையும் மழலையர் வகுப்பில் புகுத்தினார். நியூயார்க்கில் 1914 இல் பள்ளி தொடங்கிய கரோலின் பிராட் வடிவமைத்த அலகுக் கட்டைகள் இன்றும் பெரும்பாலான வகுப்பறைகளில் உள்ளன. இவற்றின் தடிமன், அகலம், நீளம் ஆகியன 1:2:4 என்ற விகிதத்தில் அமைந்தவை. இரண்டு அரைக்கட்டைகள் ஒரு முழுக்கட்டைக்குச் சமம் என்பதைப் பாலம் கட்டும் குழந்தை எவரும் சொல்லாமலே கண்டுகொள்கிறது.

இத்தாலியில் மரியா மாண்டிசோரி 1907 இல் உரோமை நகரின் சான் லொரென்சோ பகுதியில் தொடங்கிய குழந்தைகள் இல்லத்தில், கருவிகள் குழந்தையின் கைக்கெட்டும் தாழ்வான அடுக்குகளில் வைக்கப்பட்டன. ஒவ்வொன்றுக்கும் ஓர் இடம், எடுத்தவரே திரும்ப வைத்தல் ஆகிய பழக்கங்கள் பிற்கால நிலையங்களிலும் அப்படியே நுழைந்தன. ஆனால் மாண்டிசோரி முறையில் மணியடித்து இடம் மாற்றுவது இல்லை. ஏறத்தாழ மூன்று மணி நேரம் இடையூறின்றித் தொடரும் பணிக்காலமே அதன் சிறப்பு. ஆகவே நிலையச் சுழற்சியை மாண்டிசோரி முறையின் வகையாகக் கருதுவது பிழை.

இங்கிலாந்தில் 1967 இல் வெளியான பிளவுடன் அறிக்கை, குழந்தைகள் பாடவேளை எல்லையின்றிப் பல மூலைகளில் இயங்கும் தொடக்கப் பள்ளிகளை ஆதரித்தது. அதே ஆண்டில் யோசப் பெதர்சுடோன் தி நியூ ரிபப்ளிக் இதழில் எழுதிய கட்டுரைகள் வழியே இப்பள்ளிகள் அமெரிக்க ஆசிரியர்களுக்கு அறிமுகமாயின. மிச்சிகன் மாநிலத்தின் இப்சிலாண்டியில் டேவிட் வைகார்ட் 1960களில் தொடங்கிய பணியிலிருந்து வளர்ந்த ஐசுகோப் பாடத்திட்டம், குழந்தை எந்த மூலைக்குச் செல்லப்போகிறது என்று முன்னரே சொல்லி, சென்று செய்து, பின்னர் செய்ததைக் கூறும் மூன்று படி ஒழுங்கை முன்வைத்தது.

இவையனைத்திலும் குழந்தையே இடத்தைத் தெரிவுசெய்தது. குழுவாகச் சுழலும் வழக்கத்துக்கு வலுவூட்டியது வாசிப்புக் கற்பித்தல். ஐரின் பவுண்டாசு, கே சு பின்னெல் ஆகியோரின் வழிகாட்டு வாசிப்பு நூல் 1996 இல் வெளியானபின் ஆசிரியர் சிறு குழுவுடன் அமர்ந்து வாசிப்பது பரவியது. மற்றவர்கள் அப்போது என்ன செய்வது என்ற வினாவுக்கு விடையாக டெபி டில்லரின் எழுத்தறிவு நிலையங்கள் பற்றிய நூல் (2003), கெயில் பவுசி, சோன் மோசர் சகோதரிகளின் தி டெய்லி பைவ் (2006) ஆகியன வந்தன. 2002 இல் நடைமுறைக்கு வந்த எந்தக் குழந்தையும் பின்தங்கலாகாது சட்டமும் மழலையர் வகுப்பிலேயே வாசிப்பைத் தொடங்கும் அழுத்தத்தைக் கூட்டியது. 2016 இல் வெளியான ஓர் ஆய்வின்படி, குழந்தைகள் மழலையர் வகுப்பிலேயே வாசிக்கக் கற்க வேண்டும் எனக் கருதிய அமெரிக்க மழலையர் வகுப்பு ஆசிரியர்களின் விழுக்காடு 1998 இல் 31 ஆக இருந்து 2010 இல் 80 ஆக உயர்ந்தது.

வகுப்பறை அமைப்பு

நிலையங்களை இடும்போது முதலில் பார்க்கப்படுவது ஓசை. கட்டை மூலையும் வீட்டு மூலையும் இரைச்சல் மிக்கவை. இவ்விரண்டையும் அருகருகே அமைத்து, நூல் மூலையையும் எழுத்து மேசையையும் அறையின் எதிர்ப்பக்கத்தில் வைப்பர். ஓவியமும் நீர்த் தொட்டியும் கைகழுவும் குழாய்க்கு அருகில், விரிப்பில்லாத தரையில் இருக்க வேண்டும். கட்டை மூலை நடைபாதையில் அமைந்தால் கோபுரங்கள் நாள்தோறும் இடறி விழும், அழுகையும் நாள்தோறும் எழும். அறையின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நேரான வெற்றிடம் விடக்கூடாது என்பது பட்டறிந்த ஆசிரியர்கள் கூறும் விதி. நீண்ட வெற்றிடத்தைக் குழந்தைகள் ஓடுவதற்கான அழைப்பாகவே எடுத்துக்கொள்கின்றனர்.

அடுக்குகள் தாழ்வாக இருந்தால் அவையே தடுப்புச் சுவராகவும் பயன்படும், ஆசிரியரின் பார்வையையும் மறைக்கா. ஆசிரியரின் மேசை சுவரோரமாக, அவர் முதுகு சுவரை நோக்கியும் முகம் வகுப்பை நோக்கியும் இருக்கும்படி அமைக்கப்படுகிறது. அவரிடம் பாடம் கேட்கும் குழந்தைகள் மற்ற நிலையங்களுக்கு முதுகு காட்டி அமர்வர். இதனால் அவர்களின் கவனம் சிதறுவது குறையும்.

அடுக்கில் ஒவ்வொரு பொருளின் வெளிக்கோட்டையும் தாளில் வரைந்து அதன் இடத்தில் ஒட்டிவிடுவது நல்ல உத்தி. எழுதப் படிக்கத் தெரியாத குழந்தையும் நீண்ட கட்டையை நீண்ட வடிவத்தின் மீது வைத்துவிடும். ஒழுங்குபடுத்தும் நேரமே வடிவங்களைப் பொருத்தும் பயிற்சியாக மாறுகிறது.

தெல்மா ஆர்ம்சு, ரிச்சர்ட் கிளிபர்ட் ஆகியோர் 1980 இல் வெளியிட்ட முன்குழந்தைப் பருவச் சூழல் மதிப்பீட்டு அளவை இத்தகைய அமைப்பை மதிப்பிடப் பயன்படும் கருவிகளுள் ஒன்று. அதன் 1998 ஆம் ஆண்டுத் திருத்திய பதிப்பு நல்லது என்ற தரத்துக்குக் குறைந்தது மூன்று மூலைகளையும், மிகச் சிறந்தது என்ற தரத்துக்குக் குறைந்தது ஐந்து மூலைகளையும் எதிர்பார்க்கிறது.

எத்தனை இடங்கள் வேண்டும் என்பதில் பலர் தவறுகின்றனர். 24 குழந்தைகளுக்கு ஆறு பேர் அமரும் நான்கு நிலையங்கள் போதும் என்பது காகிதத்தில் சரி. ஆனால் அப்போது ஓரிடம்கூடக் காலியாக இராது. பணியை விரைவில் முடித்த குழந்தையோ, பக்கத்துக் குழந்தையோடு பிணங்கிய குழந்தையோ நகர வழியில்லை. ஆகவே யாருக்கும் ஒதுக்கப்படாத ஓரிரு சிறு இடங்களைக் கூடுதலாக வைத்திருப்பது நல்லது. ஒரு பாயும் புதிர்ப்படக் கட்டைகளும் போதும்.

சுழற்சி அட்டவணை

நான்கு குழுக்களும் நான்கு நிலையங்களும் உள்ள எளிய அட்டவணை கீழ்க்காணுமாறு அமையும்.

முதல் வேளை: சிவப்பு – ஆசிரியர் மேசை, நீலம் – கட்டை, மஞ்சள் – எழுத்து, பச்சை – நூல்
இரண்டாம் வேளை: சிவப்பு – கட்டை, நீலம் – எழுத்து, மஞ்சள் – நூல், பச்சை – ஆசிரியர் மேசை
மூன்றாம் வேளை: சிவப்பு – எழுத்து, நீலம் – நூல், மஞ்சள் – ஆசிரியர் மேசை, பச்சை – கட்டை
நான்காம் வேளை: சிவப்பு – நூல், நீலம் – ஆசிரியர் மேசை, மஞ்சள் – கட்டை, பச்சை – எழுத்து

கணிதத்தில் இலத்தீன் சதுரம் எனப்படும் அமைப்பே இது. எந்த நிரையிலும் எந்த நிரலிலும் ஒரு நிலையம் இருமுறை வராது. நிலையங்களின் வரிசையும் கருதத்தக்கது. ஆசிரியர் மேசையில் அமர்ந்து கற்ற குழுவை உடனே எழுத்து மேசையில் அமர்த்தினால் குழந்தைகள் அரைமணி நேரம் ஒரே நிலையில் இருக்க நேரும். இடையில் கட்டை வருவது இதற்காகவே.

மேற்காட்டிய அட்டவணையை மாற்றமின்றி நாள்தோறும் பின்பற்றினால் நீலக் குழு எப்போதும் நான்காம் வேளையில், பசியும் களைப்பும் மிகுந்தபின், ஆசிரியரைச் சந்திக்கும். ஒரு மாதம் கழித்து நீலக் குழுவின் முன்னேற்றம் குறைந்திருந்தால் பழி குழந்தைகள் மீது விழலாம், உண்மைக் காரணம் அட்டவணையாக இருக்கும். தொடக்க வேளையை நாளுக்கு ஒன்று நகர்த்துவதால் இதைத் தவிர்க்கலாம்.

வேளைகளுக்கு இடையிலான நகர்வு நேரத்தையும் கணக்கிடவேண்டும். 15 நிமிடத்தில் நான்கு வேளைகள் என்றால் மூன்று நகர்வுகள். நகர்வுக்கு மூன்று நிமிடம் எனில் மொத்தம் 69 நிமிடம். ஐந்து நிமிடம் ஆனால் ஒரு முழு வேளை அளவு நேரம் நகர்விலேயே கரைந்துவிடும். மணி, கைத்தட்டு, ஒரு குறிப்பிட்ட பாட்டு ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்றைக் குறியாக வைத்து, அது முடிவதற்குள் பொருள்களை அடுக்கி எழுந்து நிற்கும் பழக்கம் ஏற்படுத்தப்படுகிறது. இடம் மாறுவதற்கு இரண்டு நிமிடம் முன்னரே ஓர் எச்சரிக்கைக் குறி தருவது அழுகையைப் பெரிதும் குறைக்கும்.

நான்கு வேளைகளையும் ஒரே நாளில் நடத்துவது ஐந்து வயதுக்கு நீளம் எனக் கருதும் ஆசிரியர்கள் நாளுக்கு இரண்டு வேளை மட்டும் நடத்துகின்றனர். வாரத்துக்குப் பத்து வேளை வரும். நான்கு குழுக்களுக்கு அவை சமமாகப் பிரியா. இரு வேளைகளை விருப்பத் தெரிவுக்கு விட்டு எட்டைச் சமமாகப் பகிரலாம். அல்லது கூடுதல் உதவி தேவைப்படும் இரு குழுக்களுக்கு மும்மூன்றும் ஏனைய இரண்டுக்கு இவ்விரண்டும் தரலாம். சமமாகப் பகிர்வதா, தேவைக்கேற்பப் பகிர்வதா என்ற இத்தெரிவை எந்த அட்டவணையும் ஆசிரியருக்காகச் செய்துவிடாது.

அட்டவணை குழந்தைகளுக்குப் புரியும் வடிவில் சுவரில் இருக்கும். நிலையங்களின் படம் ஒட்டிய வட்ட அட்டையும் அதன் நடுவில் குழு நிறங்கள் பூசிய சிறு வட்டும் பரவலான வடிவம். நடுவட்டை ஒரு படி திருப்பினால் எல்லாக் குழுக்களும் ஒருங்கே நகர்கின்றன.

முதல் வாரங்கள்

பள்ளி திறந்த முதல் நாளிலேயே சுழற்சியைத் தொடங்குவது தோல்வியில் முடியும். முதல் நான்கு முதல் ஆறு வாரங்கள் பழக்கத்துக்கென ஒதுக்கப்படுகின்றன. இக்காலத்தில் ஆசிரியர் தம் மேசையில் அமர்வதே இல்லை.

தொடக்கத்தில் ஒரே ஒரு நிலையம் திறக்கப்படும். ஆசிரியர் அதில் என்ன இருக்கிறது, எப்படி எடுப்பது, எப்படித் திரும்ப வைப்பது என்பதைச் செய்து காட்டுவார். பின்னர் ஒரு குழந்தை அதைச் செய்து காட்டும். பிறகு அதே குழந்தை வேண்டுமென்றே தவறாகச் செய்து காட்ட, மற்றவர்கள் எது தவறு எனக் கூறுவர். சிரிப்புக்கிடையில் விதி மனத்தில் பதிகிறது. அதன்பின் அனைவரும் மூன்று நிமிடம் மட்டும் அதில் ஈடுபடுவர். ஒழுங்கு குலையும் கணத்தில் ஆசிரியர் குறி கொடுத்து அனைவரையும் திரும்ப அழைப்பார். திட்டுவதற்காக அன்று, தாக்குப்பிடிக்கும் நேரத்தை நாளுக்கு ஒரு நிமிடமாக வளர்ப்பதற்காக. தி டெய்லி பைவ் நூல் இதனையே வலியுறுத்துகிறது.

இரண்டு மூன்று நிலையங்கள் பழகியபின்னரே குழுக்கள் பிரிக்கப்பட்டு நகர்வு மட்டும் தனியே பயிற்றப்படுகிறது. இறுதியாகத்தான் ஆசிரியர் மேசை திறக்கிறது. அப்போதும் முதல் சில நாட்கள் ஆசிரியர் அங்கு அமர்ந்து கற்பிக்காமல் வகுப்பை நோக்கிக்கொண்டிருப்பதுண்டு. ஆசிரியர் அமர்ந்திருந்தாலும் தாம் இயங்கவேண்டும் என்று குழந்தைகள் உணர்வதே நோக்கம்.

பென்சில் முனை உடைந்தால் என்ன செய்வது, கழிப்பறைக்கு எப்படிச் செல்வது, பசைக் குப்பியின் மூடி திறக்காவிட்டால் யாரிடம் கேட்பது ஆகியவற்றுக்கு முன்கூட்டியே விடை இருக்கவேண்டும். சீவிய பென்சில்கள் ஒரு குவளையிலும் உடைந்தவை மற்றொரு குவளையிலும் வைக்கப்படும். மூன்று நண்பர்களிடம் கேட்டபின்னரே ஆசிரியரிடம் வரவேண்டும் என்பது பரவலான விதி. ஆனால் அடிபட்டாலோ உடல்நலம் குன்றினாலோ இவ்விதி பொருந்தாது என்பதையும் தெளிவாகச் சொல்லவேண்டும். விதியை எழுத்தளவில் பின்பற்றி, மூக்கில் குருதி வழிய மூன்று நண்பர்களைத் தேடும் குழந்தையும் ஐந்து வயதில் உண்டு.

நிலையப் பணிகளின் தன்மை

ஆசிரியரின்றிச் செய்யும் பணி, குழந்தை ஏற்கனவே கற்றதாக இருக்கவேண்டும். புதிய கருத்து ஆசிரியர் மேசையில் அறிமுகமாகி, சில நாள் கழித்தே மற்ற நிலையத்துக்கு நகரும். ஒரு நிலையத்தில் ஆறில் நால்வர் எழுந்து ஆசிரியரிடம் வந்தால், பணி கடினமாக உள்ளது அல்லது விளக்கம் போதவில்லை என்றே கொள்ளவேண்டும்.

முடிவில்லாப் பணிகள் சுழற்சிக்கு ஏற்றவை. கட்டைகள், களிமண், மணல், எழுத்து அச்சுகள் ஆகியவற்றில் முடித்துவிட்டேன் என்பதற்கு இடமில்லை; நிரப்பும் தாளை மூன்று நிமிடத்தில் நிரப்பிவிட்டு எஞ்சிய பன்னிரண்டு நிமிடமும் குழந்தை சும்மா இருக்கும். அதே சமயம், பணி முடியாமலே மணி அடிப்பதும் நிகழும். முடியாத ஓவியத்துக்கு ஒரு தட்டும், கட்டிய கோட்டையின்மேல் வைக்க இடிக்காதே என்னும் அட்டையும் இருந்தால் மறுநாள் தொடரலாம்.

நிலையத்தையே மாற்றாமல் அதிலுள்ள பொருளை மட்டும் மாற்றுவது ஆசிரியருக்கும் எளிது, குழந்தைக்கும் எளிது. நூல் மூலை ஆண்டு முழுதும் நூல் மூலையே, நூல்கள் மாறும். வாரந்தோறும் எல்லா நிலையங்களுக்கும் புதிய விளையாட்டுகளை வெட்டி ஒட்டித் தயாரிக்க முனையும் ஆசிரியர்கள் சில மாதங்களிலேயே சோர்ந்து முறையைக் கைவிடுகின்றனர்.

குறைகளும் மறுப்புகளும்

நிறப் பெயர்கள் விரைவில் தரவரிசையாகிவிடுகின்றன என்பது முதன்மையான குறை. எக்குழு தடித்த நூல்களைப் படிக்கிறது, எக்குழு இன்னும் எழுத்துகளையே அடையாளம் காண்கிறது என்பதைக் குழந்தைகள் அறிந்துகொள்கின்றனர். ஆண்டு முழுதும் மாறாத குழு, குழந்தை தன்னைப் பற்றிக் கொள்ளும் கருத்தாகவும் மாறிவிடக்கூடும். சில வாரங்களுக்கு ஒருமுறை குழுக்களை மாற்றுவதும், சுழற்சிக்குக் கலப்புக் குழுக்களை வைத்துக்கொண்டு ஆசிரியர் மேசைக்கு மட்டும் தேவையுள்ள குழந்தைகளைப் பல நிலையங்களிலிருந்தும் பெயர் சொல்லி அழைப்பதும் இதற்கான மாற்றுகள். இரண்டாவது முறையில் அட்டவணையின் அழகு கெடும், ஆனால் பலன் மிகுதி.

மற்றொரு மறுப்பு விளையாட்டைப் பற்றியது. குழந்தைகள் பாத்திரங்களைப் பகிர்ந்து, கதை பேசி, ஒரு பாவனை விளையாட்டுக்குள் நுழையவே கணிசமான நேரம் பிடிக்கும். கடை தொடங்கி, தராசு வைத்து, முதல் வாடிக்கையாளர் வரும்போது மணி அடித்தால் அங்கு நடந்தது ஒத்திகை மட்டுமே. எனவே காலையில் குறுகிய சுழற்சியும், பிற்பகலில் 45 முதல் 60 நிமிடம் வரை நீளும் விருப்ப விளையாட்டும் எனப் பிரிப்பதை விளையாட்டை ஆதரிப்போர் கேட்கின்றனர். விருப்ப நேரத்தில் நெரிசலைத் தவிர்க்க ஒவ்வொரு மூலையிலும் நான்கு கொக்கிகள் அடித்து, குழந்தை தன் பெயரட்டையை மாட்டிவிட்டு நுழையும் வழக்கம் உண்டு. கொக்கி காலியில்லை என்றால் வேறு மூலை. எத்தனை பேர் உள்ளனர், இன்னும் எத்தனை பேர் வரலாம் என்ற கணக்கு அங்கேயே நடக்கிறது.

அடிக்கடி இடம் மாறுவது சில குழந்தைகளுக்குப் பெருந்துன்பம் தரும். தன்மையப் போக்குள்ள குழந்தைகளுக்குத் தனிப்பட்ட பட அட்டவணையும், மற்றவர்களுக்கு முன்பே நகரும் வாய்ப்பும் தரப்படுகின்றன.

கணினி நிலையம்

மைக்கேல் ஆர்ன், எதர் இசுடேக்கர் ஆகியோர் 2012 இல் கலப்புக் கற்றலை வகைப்படுத்தியபோது, ஒரு நிலையமாவது இணையவழி அமைந்த சுழற்சியை நிலையச் சுழற்சி மாதிரி எனப் பெயரிட்டனர். இதனால் இச்சொல் இன்று இரு பொருளில் வழங்குகிறது. மழலையர் வகுப்பில் பலகைக் கணினியும் ஹெட்போனும் கொண்ட நிலையம் அமைதியானது, ஆசிரியர் தலையீடு குறைவாகவே வேண்டுவது. அதனாலேயே தேவைக்கு மேல் பயன்படுத்தப்படும் ஆபத்தும் அதற்கு உண்டு.

தமிழ்நாட்டில்

மாண்டிசோரி 1939 இல் பிரம்மஞான சபையின் அழைப்பில் சென்னை அடையாறுக்கு வந்து பயிற்சி வகுப்புகள் நடத்தினார். போர்க்காலத்தில் இந்தியாவிலேயே தங்க நேர்ந்து 1946 இல் திரும்பினார். குழந்தைகள் தாமே கருவியை எடுத்துப் பணிசெய்யும் வகுப்பறை தமிழ்நாட்டில் அறிமுகமானதில் இப்பயிற்சிகளுக்குப் பங்குண்டு.

அரசுப் பள்ளிகளில் இதற்கு நெருங்கிய உறவுடையது செயல்வழிக் கற்றல். ஆந்திரப் பிரதேசத்தின் மதனப்பள்ளி அருகே ரிஷிவேலி கிராமப்புறப் பள்ளிகளில் உருவான முறையைத் தழுவி, எம். பி. விசயகுமார் சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்தபோது 2003 இல் மாநகராட்சிப் பள்ளிகளில் இது தொடங்கப்பட்டது. பின்னர் 2007 இல் மாநிலம் முழுவதும் ஒன்று முதல் நான்காம் வகுப்பு வரை விரிந்தது. தாழ்வான சுவர்க் கரும்பலகை, தட்டுகளில் அட்டைகள், பாயில் வட்டமாக அமர்தல் ஆகியன அதன் அடையாளங்கள். எனினும் இரண்டும் ஒன்றல்ல. நிலையச் சுழற்சியில் குழு கடிகாரத்துக்கேற்ப நகர்கிறது. செயல்வழிக் கற்றலில் குழந்தை ஏணிப்படியில் தான் முடித்த அட்டைக்கேற்பத் தனியே நகர்கிறது. ஆசிரியர் உதவி எவ்வளவு தேவை என்பதைப் பொறுத்துக் குழு அமைவது மட்டும் பொதுவானது.

2019 சனவரியில் நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இயங்கிய 2381 அங்கன்வாடி மையங்களில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகள் தொடங்கப்பட்டன. 2022 இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம் ஒன்று முதல் மூன்றாம் வகுப்புக் குழந்தைகளைக் கற்றல் நிலைக்கேற்ப அரும்பு, மொட்டு, மலர் என வகைப்படுத்துகிறது.